இரண்டாவது கவர்

துர்சுனாயிடம் யார் வேண்டுமானாலும் கடன் சொல்லலாம். அவள் மட்டும் யாருக்கும் கூலி பாக்கி சொன்னது கிடையாது. பிஷ்கெக் நகரத்தின் விளிம்பில், கெலெசெக் குடியிருப்பின் மண் தெருவைப் பார்த்தபடி இருக்கும் அந்தத் தையல் பட்டறையில் கரண்ட் இல்லாத சனிக்கிழமை உண்டு. துணி வராத சனிக்கிழமை உண்டு. சரக்கை வாங்கிக்கொண்ட ஆள் தோர்தோய் சந்தையிலிருந்து கம்பி நீட்டிவிட்ட சனிக்கிழமைகூட உண்டு. கூலி இல்லாத சனிக்கிழமை மட்டும் இல்லவே இல்லை. ஒரு பனிக்காலத்தில் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கூலி கொடுத்தாள். கம்மல் எங்கே என்று கேட்டவர்களிடம் காது வலி என்றாள்.

சும்மா ஒரு மனுஷி இப்படி ஆகிவிடுவதில்லை. சோவியத் சரிந்த காலத்தில் அவள் அரசாங்கத் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். கடைசியில் ஆலையை இழுத்து மூடும்போது, பணம் இல்லை, இதை எடுத்துக்கொள் என்று மூன்று மூட்டை கறுப்புப் பொத்தானைக் கொடுத்து அனுப்பினார்கள். மூட்டைகளைப் பார்த்துவிட்டு அவள் புருஷன், "வேக வெச்சுத் திங்கலாமா, இல்ல வறுக்கணுமா?" என்று கேட்டான். கொட்டும் பனியில் சந்தை வாசலில் நின்று பொத்தான் விற்றாள். கோட்டுக்கே வழியில்லாத சனம் கோட்டுப் பொத்தானை வாங்குமா? புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த மூட்டைகளில் ஒன்று பட்டறை மூலையில் இன்னும் கிடக்கிறது.

அன்றைக்குப் பிடித்த வைராக்கியம் இது: தன் கைக்குக் கீழே வேலை செய்கிறவளின் காசு தன் பெட்டியில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. நல்ல வைராக்கியம்தான். யார் இல்லை என்றார்கள்? அந்த நல்லதுதான் கடைசியில் ஒருத்தியின் குடியைக் கெடுத்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஆரம்பத்தில் பட்டறையில் ஆறே பெண்கள். சனிக்கிழமை மத்தியானம் துணி வெட்டும் மேசையைத் துடைத்து விரிப்புப் போடுவார்கள். கறி வைத்துச் சுட்ட சூடான சம்சா வரும், தேநீர் வரும். தின்று முடித்ததும் துர்சுனாய் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் கவரை நீட்டுவாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் நின்று கொடுக்க மாட்டாள், ஆகாது. யாருக்கு எவ்வளவு என்பது மட்டுமில்லை, யாருக்கு எப்படி என்பதும் அவளுக்குத் தெரியும். இவள் புருஷன் குடிகாரன், பாதியைப் புதன்கிழமை கொடு. அவளுக்குச் சில்லறை நோட்டாகக் கொடு, பெரிய நோட்டைப் பார்த்தால் கொழுந்தன் கடன் கேட்பான். சம்பளக் கணக்கு என்றால் அவளுக்கு அதுதான். எல்லாம் மண்டைக்குள்ளேயே இருந்தது.

ஜிபெக் வந்தது அந்தக் காலத்தில். தனியாக வரவில்லை, மாமியார் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமியார் பெயர் சபீரா. கனத்த உடம்பு, கணீரென்ற குரல். பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அவளை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

"கழுத்துப் பட்டை தைக்கறதுல எம் மருமகள அடிச்சிக்க ஆள் கிடையாது," என்றாள் சபீரா. "கூலி மட்டும் நேரா இருக்கணும். என் மவன் மாஸ்கோவுல கிடக்கான். வீட்ட நான்தான் இழுத்துட்டுப் போறேன்."

"இங்க கூலியெல்லாம் நேராத்தான் இருக்கும்," என்று சிரித்தாள் துர்சுனாய். "நம்பர் ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அவளுக்கு எதுக்குப் போனு? என் நம்பர எழுதிக்க."

துர்சுனாய் தன் கையாலேயே அந்த நம்பரை எழுதிக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை சபீரா கேட்டுக்கு வெளியே நின்றாள். ஜிபெக் கவரை வாங்கிக்கொண்டு போய் அப்படியே அவள் கையில் வைத்தாள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பாதி வீடுகளில் அப்படித்தான், மருமகள் சம்பாத்தியம் மாமியார் முந்தானைக்குத்தான் போகும். இரண்டாம் வாரம், கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே ஜிபெக் மெல்ல ஆரம்பித்தாள்.

"எஜே, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே?" எஜே என்றால் அக்கா. பட்டறையில் எல்லாருக்கும் துர்சுனாய் எஜேதான்.

"முதல்ல கேளு. திட்டறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"என் கூலிய ரெண்டு கவரா போடறீங்களா? பெருசு அத்தைக்கு. சின்னது... உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அடி கள்ளி! வந்து ரெண்டு வாரம் ஆகல, மாமியாருக்கே அல்வா குடுக்கறியா? எதுக்குடி, உதட்டுச் சாயம் வாங்கவா?"

ஜிபெக் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு உள்சட்டையிலிருந்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்தாள். முன்பல் இல்லாத ஒரு பெண் குழந்தை. முதல் புருஷனுக்குப் பிறந்தவள், பெயர் குந்துஸ். அந்தப் புருஷன் கட்டட வேலையில் மேலேயிருந்து விழுந்து செத்துப்போனான். மறுபடி கட்டிக்கொடுத்தபோது சபீரா வீட்டில், பெண் வரட்டும், குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை நரின் மலைப் பக்கம் ஜிபெக்கின் அக்கா ஐனூராவிடம் வளர்ந்தது.

"அக்காவும் அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில குடும்பத்தோட மாஸ்கோ போறா, எஜே. அதுக்குள்ள நான் இங்க ஒரு ரூம் பாத்துப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துரணும். இல்லன்னா செத்துப்போனவரோட அண்ணனுங்க தலாஸுலேருந்து வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. எங்க ரத்தம், எங்ககிட்டத்தான் இருக்கணும்னு இப்பவே சொல்றாங்க. அங்க போனா நான் அவள அவ கல்யாணத்துலதான் பாப்பேன். அதுவும் கூப்பிட்டாத்தான்."

"அப்போ மாமியார் வீடு?"

"நான் பிள்ளையோட தனியா இருக்கேன். அவர் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். போன் பண்ணியே மாசக்கணக்காச்சு."

துர்சுனாய் திட்டவில்லை. பழைய தேயிலை டப்பா ஒன்றைத் துடைத்து, மேசை இழுப்பறைக்குள் துணித்துண்டுகளுக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து ஜிபெக்கின் சின்னக் கவர் அதற்குள் போனது. இழுப்பறைச் சாவி துர்சுனாயின் கழுத்தில் தொங்கியது. ஆனால் உறுத்தல் இருந்தது. இன்னொருத்தி காசு தன் பெட்டியில் தூங்குகிறதே என்று சனிக்கிழமைதோறும் முனகுவாள். "எப்ப உன் காச எடுத்துட்டுப் போவ, எப்ப என்ன நிம்மதியா விடுவ?" என்பாள். "ஆகஸ்ட் வரட்டும் எஜே," என்று ஜிபெக் சிரிப்பாள்.

பட்டறை வளர்ந்தது. நோவோசிபிர்ஸ்கிலிருந்து ஒரு ரஷ்யக்காரி வந்து, கோடைக் கவுன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லாரிக் கணக்கில் ஆர்டர் கொடுத்தாள். பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்து சுவரை இடித்தார்கள். ஆறு பேர் முப்பது ஆனார்கள், நாற்பதைத் தொட்டார்கள். வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போடுகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள். ஆளுக்கொரு பீஸ் ரேட், ஆளுக்கொரு முன்பணம். எல்லாவற்றையும் ஒரு மண்டையில் வைக்க முடியுமா? துர்சுனாய் முடியும் என்றுதான் நினைத்தாள். சனிக்கிழமை மத்தியானத்து சம்சா சாயங்காலம் ஆறிப்போய்க் கிடக்கும், கவர் கொடுத்து முடியாது. கூப்பிடப் பெயர் வாயில் வராமல் "ஏ பச்சை ஸ்கார்ஃப், நீதாண்டி, இங்க வா" என்பாள்.

அடுத்த வருஷம் ஜூலையில் நடந்தது அது. இஸ்திரி போடும் கெஞ்ஜே என்பவளின் கவரில் இன்னொருத்தியின் கூலி போய்விட்டது. அவளுடையதைவிடக் குறைச்சல். கெஞ்ஜே கவரைப் பிரித்து எண்ணினாள், திரும்ப எண்ணினாள், பிறகு மேசை மேல் விசிறியடித்தாள்.

"என்ன எஜே இது? மிச்சத்துக்குப் பொத்தான் குடுத்து அனுப்பலாம்னு பாக்கறீங்களா?"

அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எங்கே குத்தினால் ரத்தம் வரும் என்று பார்த்துக் குத்தினாள் பாவி. துர்சுனாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தப்பைச் சரி செய்தாள், மன்னிப்பும் கேட்டாள். கெஞ்ஜேயும் பிறகு அழுதாள். இருந்தும் அன்று ராத்திரியே துர்சுனாய் கணக்குப் பார்க்க ஒரு ஆள் விசாரித்தாள்.

அடுத்த வாரமே சினாராவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சினாரா கணக்குப் படித்த பெண், நாலைந்து கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்.

"எஜே, இனிமே கவரு வேணாம். பணத்த பேங்குல போடுங்க. வெள்ளிக்கிழமை நான் ஒரு பட்டனைத் தட்டுவேன், எல்லாரு போனுக்கும் ஒரே நேரத்துல கூலி போயிரும். யாருக்கு எவ்வளவுன்னு பக்கத்துல இருக்கறவளுக்குக்கூடத் தெரியாது. ரஷ்யக்காரிக்கும் கணக்கு சுத்தமா இருக்கணுமாம்."

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். "போனுல வர்ற நோட்ட எச்சில் தொட்டு எண்ண முடியுமா?" என்று ஒருத்தி. "எம் போனே எம் புருஷன் பாக்கெட்டுல இருக்கு, சம்பளமும் நேரா அங்கயே போயிரட்டும், எனக்கு எதுக்கு நடுவுல வீண் வேலை?" என்று ஓவர்லாக் மிஷினிலிருந்து இன்னொருத்தி. பட்டறையே கொல்லென்று சிரித்தது. துர்சுனாயும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஐயோ, சிரித்தாளே! அப்போது ஒரு நிமிஷம் அந்தப் பேச்சை நிறுத்தி யோசித்திருக்கக் கூடாதா?

நம்பர் எழுதும் தாள் சுற்றி வந்த நாளில் ஜிபெக் பட்டறையில் இல்லை. சபீராவின் சின்ன மகனுக்குப் பெண் நிச்சயம். பெண் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள் என்று மருமகளை ஒரு வாரம் அடுப்படிக்குப் பிடித்துக்கொண்டார்கள். போகும் முன் ஜிபெக், "திங்கக்கிழமை வந்துருவேன் எஜே. ரூம் பேசியாச்சு. வந்ததும் டப்பாவத் திறந்துரலாம்," என்று காதோடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை துர்சுனாய் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அது.

அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கவுனும் தயாராகித் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்ச நீலத் துணியில் பெண்கள் சேர்ந்து தைத்தது. வெள்ளைக் கழுத்துப் பட்டை ஜிபெக்கின் கை வேலை. முன்பக்கம் வரிசையாகப் பொத்தான் வைக்க, துர்சுனாய் தன் மூட்டையைத் திறந்து நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தாள். "இந்தச் சனியன் புடிச்ச பொத்தானுக்கு இப்பதாண்டி விமோசனம்," என்றாள்.

தாளில் ஜிபெக்கின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. போன குளிர்காலத்தில் அவளுக்கும் ஒரு பழைய போன் வந்திருந்தது, மிஷின் மேல் கிடக்கும். ஆனால் விடிந்தால் எதிரே வந்து உட்காருகிறவளுக்கு யார் போன் பண்ணுவார்கள்? அந்த நம்பரை துர்சுனாய் கேட்டதே இல்லை. பழைய தாளைத் தேடினாள், ஜிபெக் பெயருக்கு நேரே ஒரு நம்பர் இருந்தது, பார்த்து எழுதினாள். வந்த நாளில் சபீரா கணீரென்று சொன்னது அவளுக்கு நினைவில் வரவில்லை. ஆறு பேராக இருந்திருந்தால் வந்திருக்கும்.

"எஜே, இந்த நம்பரெல்லாம் அவங்கவங்க சொந்த நம்பர்தானே?" என்று சினாரா கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

"ஆமாடி, நானே என் கையால எழுதினது. அனுப்பு."

அதோடு விட்டாளா? மேசை இழுப்பறையைத் திறந்து தேயிலை டப்பாவை எடுத்தாள். ஒருத்தி காசும் தன்னிடம் தங்காமல் புது வழக்கத்தைச் சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. திங்கட்கிழமை வரை எதற்கு? போனில் வந்தால் கவரைவிட ரகசியம், எவள் கண்ணிலும் படாது. விருந்துச் சமையலில் வெந்துகொண்டிருக்கிற பிள்ளை போனை எடுத்துப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்படட்டும். டப்பாவைக் கவிழ்த்து, "இது ஜிபெக்கோட பழைய பாக்கி, இதையும் சேத்துரு," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சினாரா பட்டனைத் தட்டினாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பட்டறை முழுக்க டிங், டிங், டிங் என்று போன்கள். பெண்கள் குதித்தார்கள். கெஞ்ஜே ஓடி வந்து துர்சுனாயைக் கட்டிக்கொண்டாள். துர்சுனாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சம்சாவைச் சூடாகத் தின்றாள்.

திங்கட்கிழமை காலையில் கேட் திறந்தது. முதலில் வந்தது சபீரா. வெல்வெட் மேலங்கி, கையில் துணி மூடிய கூடை. அவளுக்குப் பின்னால் ஜிபெக், தலையில் புத்தம் புதிய வெள்ளை முக்காடு. ஜிபெக் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சபீரா கூடையை மேசை மேல் வைத்தாள். எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டிக் குவியல், அதன் மேல் விருந்துக் கறியில் ஒரு நல்ல துண்டு. பிறகு துர்சுனாயை இழுத்து அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

"நீ நல்லா இருப்பம்மா! எம் மானத்தக் காப்பாத்தின மவராசி நீ!"

"என்ன... என்னாச்சு?" என்றாள் துர்சுனாய்.

"அத ஏன் கேக்கற! வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் சாப்பாட்டு முன்னால உக்காந்தாச்சு. பொண்ணுக்குக் குடுக்கற பரிசப் பணத்துல எங்ககிட்டக் குறையுது. அவங்க மொகம் கோணுது. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இன்னும் ஒரு மாசம் தவணை கேக்கறதுன்னு நெளியறேன். அப்போ எம் போனுல டிங்குன்னு ஒரு சத்தம். கண்ணாடி இல்ல, எனக்கு என்ன தெரியும்? பக்கத்துல பொண்ணோட பெரியப்பா. இத என்னன்னு பாருங்கன்னு நீட்டினேன். அவரு பாட்டுக்கு உரக்கப் படிக்கறாரு, ஜிபெக் சம்பளம், பழைய பாக்கி, இத்தன ஆயிரம்னு! சபையே வாயப் பொளந்துருச்சு. உள்ள கூப்பிட்டு, இது என்னடின்னு கேட்டேன். வீட்டுக்குன்னு சேத்து வெச்சேன் அத்தைங்கறா! இப்படி ஒரு மருமக எவளுக்குடி கிடைப்பா? அங்கயே குறைஞ்ச பணத்த அவரு போனுக்குத் தள்ளியாச்சு. எல்லாரு முன்னாடியும் இந்த முக்காட்ட மரியாதையா எங் கையால போட்டு, நீ மருமக இல்ல, எம் மவதான்னு சொல்லிட்டேன்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பணம் எதற்கு என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். துர்சுனாய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும், பொய்யாவது சொல்ல வேண்டும்.

"சபீரா, அது வந்து... கணக்குல ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் பணம் வேற ஒருத்தியோடது. திருப்பிக் குடுக்கணும்..."

சபீராவின் முகம் வெளுத்தது. "திருப்பியா? அது பொண்ணு வீட்டுக்குப் போயிருச்சே! இனி அத எப்படித் திருப்பிக் கேப்பேன்?"

"இல்ல எஜே," என்றாள் ஜிபெக். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. "தப்பு ஒண்ணும் இல்ல. அது நான் சேத்ததுதான். என்னோடதுதான்."

சபீரா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "பாத்தியா! என்ன ஒரு நிமிஷம் கொன்னுட்டியே!" என்று சிரித்தாள். பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஜிபெக் இனி வேலைக்கு வர மாட்டாள். பனிக்காலத்துக்குள் சின்ன மகன் கல்யாணம், வீட்டில் ஆள் வேண்டும். மாஸ்கோவில் இருக்கிற மகனும் அதைத்தான் சொல்கிறானாம். சொல்லிக்கொண்டே பட்டறையைச் சுற்றிப் பார்த்தவள் சுவரில் தொங்கும் நீலக் கவுனைப் பார்த்துவிட்டாள்.

"இது யாருக்கு? லட்சணமா இருக்கே!"

பெண்கள் ஜிபெக்கைப் பார்த்தார்கள்.

"மாதிரிக்குத் தெச்சது அத்தை," என்றாள் ஜிபெக்.

"எம் மவ பொண்ணும் இந்த வருஷந்தான் பள்ளிக்கூடம் போறா. அவளுக்கு ஆவுமா? கொஞ்சம் உசரமா இருப்பா."

"கீழ மடிச்சதப் பிரிச்சு விட்டா ஆவும்."

துர்சுனாய்க்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஜிபெக் ஆணியிலிருந்து கவுனை எடுத்துக்கொண்டு தன் மிஷினில் போய் உட்கார்ந்தாள். விளிம்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். நூலை ஒவ்வொன்றாக, துணி நோகாமல் எடுத்தாள். சபீரா அந்தப் பக்கம் பெண்களுக்குப் பூர்சோக் கொடுத்துக்கொண்டு போக, துர்சுனாய் மெல்ல வந்து மிஷின் ஓரம் குந்தினாள்.

"நான் தர்றேண்டி. முழுசாத் தர்றேன். மிஷின வித்தாவது இந்த வாரத்துக்குள்ள தர்றேன். நீ போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வா."

ஜிபெக் தலையை ஆட்டினாள். "பணம் இல்ல எஜே விஷயம். சபையில எல்லாரு முன்னாடியும் என்னக் கட்டிப்புடிச்சு அழுதாங்க. எம் மவதான்னு சொல்லிட்டாங்க. போன வாரம் வரைக்கும் அந்த வீட்ட விட்டு நடந்து போயிருப்பேன், ஒரு நாயும் கேட்டிருக்காது. இப்போ எப்படிப் போவேன்? கல்யாணத்துக்கு முன்னாடி நான் படி தாண்டினா பொண்ணு வீட்டுல பொண்ண அனுப்புவாங்களா? போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"நான் என்னடி பண்ணிட்டேன்..."

"நீங்க அந்தப் பணத்தத் திருடியிருந்தீங்கன்னா, நான் இந்நேரம் தப்பிச்சிருப்பேன் எஜே." கோபமாகச் சொல்லவில்லை. நூல் அறுந்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "குடுத்துட்டீங்க. கூலிய ஒரு நாள்கூட வெச்சுக்காத ஆளு நீங்க."

அதற்கு மேல் துர்சுனாயால் அங்கே குந்தியிருக்க முடியவில்லை. எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அரசாங்கம் தன்னைப் பொத்தானோடு அனுப்பிய அன்றுகூட அவள் அப்படி அழுதது இல்லை.

கவுன் தயாரானது. ஜிபெக்கே இஸ்திரி போட்டு, மடித்து, காகிதத்தில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தாள். சபீரா கிளம்பும்போது வாசலில் நின்று, "இவளுக்கு இன்னும் ஏதாச்சும் கூலி மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். பாக்கி இருக்கத்தான் செய்தது. சினாரா துர்சுனாயைப் பார்த்தாள். துர்சுனாய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தலையசைத்தாள். சபீராவின் கைப்பைக்குள் டிங் என்று கேட்டது. "அடேங்கப்பா, என்ன வேகம்!" என்று சபீரா மகிழ்ந்துபோனாள்.

அந்த வாரக் கடைசியில், பட்டறையின் பொது போன் மணியடித்தது. எடுத்தது துர்சுனாய். நரினிலிருந்து ஐனூரா.

"ஜிபெக் இருக்காளா? அவ போன் அணைஞ்சு கிடக்கு. தலாஸுலேருந்து குந்துஸோட பெரியப்பாங்க வந்துட்டாங்க எஜே. தேநீர் குடிச்சிட்டு இருக்காங்க, குடிச்சதும் கிளம்பறாங்களாம். நான் என்ன பண்ணட்டும்? எனக்கு ஞாயித்துக்கிழமை ரயிலு. அவ வர்றாளா இல்லையா?"

துர்சுனாய் பதில் தேடுவதற்குள் அந்தப் பக்கம் போனுக்கு ஒரு சின்ன இழுபறி நடந்தது. பிறகு மூச்சிரைக்க ஒரு குழந்தைக் குரல்.

"அம்மா வேலையா இருக்காங்களா?"

"ஆமா கண்ணு."

"பெரியப்பா கார் கொண்டாந்திருக்காங்க. எனக்கு ஜன்னல் சீட்டு. என் கவுனு ரெடியா? அம்மா நீலக் கலருன்னு சொன்னாங்க."

"ரெடி. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"முன்னாடி பொத்தான் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"என்ன கலரு?"

துர்சுனாய் மூலையில் வாய் திறந்து கிடந்த மூட்டையைப் பார்த்தாள்.

"கறுப்பு," என்றாள்.